நான்கு மில்லிமீட்டர் இருட்டு

1961 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் ஜாகுவார் ஈ-டைப்பை முதன்முதலாகப் பார்த்தவர்கள் அதன் மூக்கைப் பார்த்துத்தான் மயங்கினார்கள். நான்கரை மீட்டருக்குச் சற்றே குறைந்த காரில் பெரும்பங்கு பானெட்டுக்கே போய்விடுகிறது. அறுபது ஆண்டு கழித்து அதே காரை விலைக்குப் பார்க்க வருகிறவர், விவரம் தெரிந்தவராக இருந்தால், மூக்கை ஏறிட்டுப் பார்ப்பதற்கு முன்பே கதவோரம் போய்க் குந்திவிடுவார். கதவு முடிந்து பின்பக்கத் தகடு தொடங்கும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறது. அங்கே தகடு கிடையாது, வெறும் இருட்டு. அந்த இருட்டு மேலே நான்கு மில்லிமீட்டர், கீழேயும் நான்கு என்றால் எழுந்து பேரம் பேசத் தொடங்குவார். மேலே இரண்டு, கீழே ஏழு என்றால் டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்துவிடுவார்.

டிங்கரிங் பட்டறைகளில் இதற்கு 'கேப்' என்று பெயர். இடுக்கு என்ற சொல் கைவசம் இருப்பதால் நான் அதையே வைத்துக்கொள்கிறேன். இடுக்கு எதற்கு என்பதில் பெரிய புதிர் இல்லை. கதவு கீலில் சுழலும்போது விளிம்பு எதிலும் உரசக் கூடாது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது காரின் உடம்பு முறுக்கும். அப்போது தகடும் தகடும் மோதக் கூடாது. வெயிலில் தகடு நீளவும் செய்யும். ஒரு மீட்டர் எஃகுக் கதவு 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அரை மில்லிமீட்டர் வளரும். அலுமினியம் என்றால் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு. எனக்குப் புதிராகப்படுவது வேறு. இவ்வளவு சின்னக் கோணலைக் கண் எப்படிப் பிடிக்கிறது?

கண் மருத்துவரின் பலகையில் 6/6 வரியைப் படிக்கிறவரின் கண் ஒரு கலை அளவு விவரத்தைப் பிரித்துக் காணும். கலை என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் தூரத்தில் 0.3 மில்லிமீட்டர். விழித்திரையின் நடுக்குழியில் நெருக்கியடித்து நிற்கும் கூம்பு செல்களுக்கு இடையே அரைக் கலை அளவுதான் தூரம் என்பதால் இந்தக் கணக்கு சரியாகவே பொருந்துகிறது. ஆனால் இரண்டு கோடுகளை முனைக்கு முனை வைத்து ஒன்றை மட்டும் இம்மி நகர்த்தினால், அதே கண் ஐந்து விகலை விலகலைக்கூடக் கண்டுபிடித்துவிடுகிறது. விகலை, கலையில் அறுபதில் ஒரு பங்கு. ஒரு மீட்டரில் அது 0.025 மில்லிமீட்டர், தலைமயிரின் தடிமனைவிடக் குறைவு. கூம்பு செல்லின் அகலத்தைவிடச் சிறிய விலகலை அந்தச் செல் எப்படிச் சொல்லும்? தனியாக ஒரு செல்லால் சொல்ல முடியாது. கோட்டின் நீளம் முழுக்க வரிசையாக நிற்கும் செல்கள் ஆளுக்குக் கொஞ்சம் சொல்வதை மூளை கூட்டிப் பார்த்துத் தீர்ப்பெழுதுகிறது. பள்ளி ஆய்வகத்தில் வெர்னியர் காலிப்பரைப் பிடித்துக்கொண்டு எந்தக் கோடு எந்தக் கோட்டோடு நேராக நிற்கிறது என்று தேடினோமே, அந்தத் திறன்தான் இது. பியர் வெர்னியர் 1631ல் தன் அளவுகோலை வெளியிட்டார். அதற்குப் பின்னால் இருக்கும் கண்ணின் திறமைக்கு மீக்கூர்மை என்ற பொருளில் 1970களில் பெயர் வைத்தவர் கெரால்ட் வெஸ்ட்ஹைமர் என்ற பார்வை ஆய்வாளர்.

நேர்க்கோட்டில் இவ்வளவு கறாரான கண், அகலத்தை மதிப்பிடுவதில் சுமார்தான். காரின் இடப்பக்க இடுக்கு நாலரை மில்லிமீட்டர், வலப்பக்கம் ஐந்தரை என்றால் யாருக்கும் தெரியாது. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் யாராலும் பார்க்க முடியாதே. ஒரே இடுக்கு மேலே நாலரை, கீழே ஐந்தரை என்று விரிந்தால் தெருவில் போகிறவர்கூட, எங்கே என்று சொல்லத் தெரியாமலே, என்னமோ சரியில்லை என்பார். அதனால் கைதேர்ந்த தகட்டுக்காரர் இடுக்கைக் குறுக்குவதில் அவசரம் காட்டுவதில்லை. முதலில் அதை ஒரே சீராக்கப் பார்ப்பார். வெள்ளைக் காரில் இடுக்கு மையால் வரைந்ததுபோல் தெரியும், கறுப்புக் காரில் நிழலோடு நிழலாக மறைந்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். கார் விற்கிறவருக்கும் தெரியும்.

ஈ-டைப்பின் வளைவுகளை உண்டாக்கிய மால்கம் சேயர், பிரிஸ்டல் விமானக் கம்பெனியிலிருந்து ஜாகுவாருக்கு வந்தவர். களிமண் உருவத்தைக் கையால் தடவித் தடவி அழகு பார்க்கிற வழியில் அவர் போகவில்லை. மடக்கை அட்டவணையை வைத்துக்கொண்டு வளைவைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டார். காகிதத்தில் இருந்த அந்தத் துல்லியம் கவென்ட்ரியின் பிரவுன்ஸ் லேன் ஆலைக்கு வந்து தகடானபோது கொஞ்சம் கரைந்துபோனது. கார் விற்றது சுமார் 2,100 பவுண்டுக்கு. ஆஸ்டன் மார்ட்டின்காரர்கள் கேட்ட விலையில் ஏறக்குறையப் பாதி. அந்த விலையில், சொற்ப எண்ணிக்கையில் விற்கப்போகும் காருக்காக, பெரிய தகட்டை ஒரே அழுத்தில் வடிக்கும் ராட்சத அச்சுகளில் பணம் போட யாருக்கு மனம் வரும்? சின்னச் சின்ன அச்சில் அழுத்திய துண்டுகளைச் சேர்த்தே உடம்பைக் கட்டினார்கள். பானெட்டே நடுத்தகடு, இரண்டு பக்கத் தகடுகள், கீழ்மூக்கு என்று பல துண்டுகளின் கூட்டு. பக்கத் தகடுகள் போல்ட்டில் சேரும் தையலை மறைக்கத்தான் அதன் மேல் பளபளப்பான ஒரு பட்டி ஓடுகிறது. அழகுக்கு வைத்தது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

துண்டுகள் கூடினால் பிழைகளும் கூடும். பத்துத் துண்டு, ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் முன்பின் என்று வைத்துக்கொள்வோம். பத்தும் ஒரே பக்கம் சாய்ந்தால் பிழை ஐந்து மில்லிமீட்டர். அப்படி எல்லாம் ஒன்றுசேர்ந்து சதி செய்வது அபூர்வம். ஒன்று கூடினால் ஒன்று குறையும். வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 1.6 மில்லிமீட்டர்தான் வரும். ஆனால் அந்த 1.6 எங்கே போய் நிற்கும்? பற்றவைத்த மூட்டுகளில் அதற்கு இடம் கிடையாது. மாதக் கடைசியில் வீட்டுக் கணக்கில் துண்டு விழுவதுபோல, எல்லாத் துண்டுகளின் பிழையும் திறந்து மூடும் விளிம்பில் வந்து விழும். ஆலையில் ஒவ்வொரு காருக்கும் பானெட்டைத் தனித்தனியாக அறைந்து, ராவி, ஈயம் பூசிப் பொருத்தினார்கள். அதைக் கழற்றிப் பக்கத்துக் காரில் மாட்டினால் பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது.

இதற்கு ஜாகுவாரே பிற்காலத்தில் ஒரு சான்று தந்தது. 1963-64ல் பந்தயத்துக்கென்று 18 அலுமினிய ஈ-டைப்புகளைச் செய்யத் திட்டமிட்டவர்கள் 12 கார்களோடு நிறுத்திவிட்டார்கள். மிச்சம் ஆறையும் செய்து முடிப்பது என்று 2014ல், கம்பெனி டாடாவின் கைக்கு வந்து ஆறு ஆண்டு ஆன பிறகு, முடிவானது. அசல் உடம்பு ஒன்றை ஸ்கேன் செய்து அளவெடுத்தவர்கள் ஒரு பக்கத்தை மட்டுமே எடுத்துக்கொண்டு, அதைக் கணினியில் கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டி மறுபக்கத்தை உண்டாக்கினார்கள். அசலின் இடமும் வலமும் அவ்வளவு ஒத்துப்போகவில்லை என்பதை இதைவிட நாசூக்காக யாரும் ஒப்புக்கொண்டிருக்க முடியாது.

எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவு ஓர் ஐப்பசியில் மேல்மூலையில் பிடிக்கத் தொடங்கியது. மழையில் மரம் ஊதியிருக்கிறது என்று இழைத்தோம். தை மாதம் மரம் காய்ந்த பிறகும் பிடித்தது, மறுபடி இழைத்தோம். மூன்றாம் தடவை வந்த ஆசாரி இழைப்புளியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கொல்லைப்பக்கம் சுற்றிப்போய்ச் சுவரின் காலடியைப் பார்த்தார். குழாய் கசிந்து மண் இறங்கி, நிலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. "கதவு சரியாத்தான் சார் இருந்திச்சு" என்றார்.

காருக்கு அடியில் டார்ச்சோடு படுத்தவர் தேடுவதும் அந்தக் காலடியைத்தான். கதவுக்குக் கீழே, முன்னிருந்து பின்வரை, தகட்டை மடித்துப் பெட்டியாக்கிய ஒரு பாகம் இருக்கிறது. வாசற்படி என்று பொருள்படும் சொல்லால்தான் ஆங்கிலேயர்கள் அதைச் சொல்கிறார்கள். நாமும் படி என்றே வைத்துக்கொள்ளலாம். கூரை உள்ள காரில் பாரத்தைக் கூரையும் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்ளும். திறந்த ஈ-டைப்பில் கூரை துணிதான்; காரின் நடுவுடம்பைத் தாங்குவது இரண்டு படிகளும் நடுவே சுரங்கம்போல் ஓடும் பெட்டியும். இங்கிலாந்தின் குளிர்காலச் சாலைகளில் தூவும் உப்பு கரைந்து படிக்குள் புகுந்து, வெளியே பெயின்ட் மின்னிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து அரிக்கும்.

மூடிய பெட்டிக்கும் பிளந்த பெட்டிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதைத் துணிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாய் ஒன்று சொல்லிவிடும். இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், அசையாது. கத்தியால் நீளவாக்கில் ஒரே ஒரு கீறல் போட்டு மறுபடி முறுக்குங்கள். அட்டை ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் குழாய் ஈரத்துணிபோல் முறுகும். மெல்லிய சுவருள்ள குழாயில் அந்த ஒரு பிளவு, முறுக்கைத் தாங்கும் விறைப்பை நூறு மடங்குக்கும் மேல் குறைத்துவிடுகிறது. படியின் அடித்தையலில் துரு தின்ற ஓட்டைகள் செய்வது இதே வேலைதான்.

படி தளர்ந்தால் என்ன ஆகும்? கார் நிற்பது நான்கு ஓரங்களில், பாரம் நடுவில். நடு இறங்கும். கதவுக்கு முன்னும் பின்னும் உள்ள தூண்கள் தலையோடு தலை முட்டுவதுபோல ஒன்றை ஒன்று நோக்கிச் சாயும். ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு சாய்ந்தால் போதும், 60 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடம்பெயரும். மேலே இரண்டு, கீழே ஏழு என்ற கணக்கு வருவது இப்படித்தான். இந்த நிலையில் கதவின் மேல்மூலையை ராவிச் சரிசெய்கிறவர், எங்கள் கொல்லைக் கதவை நாங்கள் இரண்டு தடவை இழைத்த அதே வேலையைச் செய்கிறார். பழைய படியை வெட்டி எடுப்பதற்கு முன் கதவு வாயில் குறுக்கும் நெடுக்கும் கம்பி பற்றவைத்து நிறுத்த வேண்டும். அதைச் செய்யாமல் வெட்டினால் உடம்பு வாழைப்பழம்போல் வளைந்துகொள்ளும்; புதுப் படியைப் பற்றவைத்ததும் அந்த வளைவு நிரந்தரமாகிவிடும். காரை எங்கே தூக்கி நிறுத்துகிறோம் என்பதும் முக்கியம். நடுவில் ஜாக்கி கொடுத்து அளந்தால் இடுக்கு ஒரு கணக்குச் சொல்லும், சக்கரத்தில் நிறுத்தி அளந்தால் வேறொன்று. எஞ்சினை இறக்கி வைத்துவிட்டு, ரப்பர் பட்டிகளை மாட்டாமல், வெறும் கூட்டில் அழகாகப் பொருத்திய கதவு, எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். புது ரப்பர் கதவை எவ்வளவு பலமாக வெளியே தள்ளும் என்பது மாட்டிப் பார்க்கும்வரை நம்பக் கடினம்.

காலடி சரியானால், நகராததிலிருந்து நகர்வதை நோக்கி வேலை போகிறது. பின்பக்கத் தகடு பற்றவைத்தது, அது அசையாது. எனவே கதவை அதற்குப் பொருத்த வேண்டும், பானெட்டைக் கதவுக்குப் பொருத்த வேண்டும். தலைகீழாகத் தொடங்கினால் பானெட்டின் பிழையைக் கதவு வாங்கிக்கொள்ளும், கதவின் பிழை போக இடமின்றி நிற்கும். கீலில் நெம்புகோல் கணக்கு வேறு இருக்கிறது. மேல்கீலுக்கும் கீழ்க்கீலுக்கும் இடையே 30 சென்டிமீட்டர், கதவின் நீளம் ஒரு மீட்டர் என்றால், மேல்கீலில் ஒரு மில்லிமீட்டர் தேய்மானம் கதவின் வாலை மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தொங்கவிடும். தகட்டைத் தட்டுவதற்கு முன் கதவின் வாலைக் கையால் தூக்கி ஆட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். கதவு ஆடினால் கீல்முளையை மாற்றுவதோடு பாதிக் காரியம் முடிந்துவிடும்.

ஈ-டைப்பின் பானெட் முன்னால், மூக்கருகே கீல் வைத்து, முதலை வாய்போல் முன்பக்கமாகத் திறக்கிறது. அந்தக் கீல்கள் உட்கார்ந்திருப்பது எஞ்சினைத் தாங்கும் குழாய்ச் சட்டகத்தின் முனையில். ரெனால்ட்ஸ் கம்பெனியின் சதுரக் குழாய்களைப் பித்தளைப் பற்று வைத்துச் சேர்த்தது அது. ரெனால்ட்ஸ் 1928ல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தில் சேர்ந்தது. அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்தான் 1949ல் முருகப்பா குடும்பத்தோடு கைகோத்து அம்பத்தூரில் சைக்கிள் ஆலை தொடங்கியது. கீல்களுக்கு இடையே அரை மீட்டர், கீலிலிருந்து பானெட்டின் பின்விளிம்பு ஒன்றரை மீட்டர் என்று உத்தேசமாக வைத்துக்கொண்டால், ஒரு கீலை ஒரு மில்லிமீட்டர் முன்னே தள்ளினால் பின்விளிம்பு பக்கவாட்டில் மூன்று மில்லிமீட்டர் ஓடும். அதனால் கீலில் வாஷர் ஒன்றைச் சேர்ப்பதும் உருவுவதும், பூட்டுவதும் திறப்பதும், மறுபடி அளப்பதுமாக நாட்கள் போகும். அளப்பதற்கு லேசர் எதுவும் வேண்டியதில்லை. நான்கு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் சில்லு ஒன்று மேலிருந்து கீழ்வரை ஒரே இறுக்கத்தோடு வழுக்கிக்கொண்டு போனால் போதும்.

எல்லாம் உட்கார்ந்த பிறகும் ஏதோ ஒரு விளிம்பில் அலை மிஞ்சும். விளிம்பைத் தொட அனுமதி கிடைப்பது இப்போதுதான். கதவின் வெளித்தகடு, புடவை ஓரத்தை மடித்துத் தைப்பதுபோல் உட்சட்டத்தின் மேல் மடிந்திருக்கிறது. மரக்கட்டையை அணைவாக வைத்து அந்த மடிப்பை மெல்லத் தட்டினால் ஒரு மில்லிமீட்டர் அளவு உள்ளே போகும். அதற்கு மேல் ஆசைப்பட்டு ராவினால் மடிப்பு பிரிந்து உள்ளிருக்கும் சட்டம் எட்டிப் பார்க்கும். இடுக்கு அகலமாக இருந்தால் விளிம்பில் மெல்லிய கம்பியைப் பற்றவைத்து அரம் போட்டுச் சீராக்குவார்கள்.

தகடு நடுவில் உப்பி, அமுக்கினால் 'டப்' என்று உள்ளே போய் விட்டால் வெளியே வரும் நோய்க்கு வைத்தியம் வேறு. சம்மட்டி அடித்து அடித்துத் தகடு அங்கே விரிந்திருக்கிறது. விரிந்ததைச் சுருக்க வேண்டும். ரூபாய்க் காசு அளவு இடத்தைச் சிவக்கச் சூடாக்குவார்கள். சூட்டில் அந்த வட்டம் பெரிதாக முயலும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாது. சிவந்த எஃகு இளகிக் கிடப்பதால், பக்கவாட்டில் போக முடியாமல் தன்மேலேயே திணிந்து தடித்துவிடும். ஆறும்போது அது பழைய அகலத்துக்குத் திரும்புவதில்லை, அதைவிடக் குறுகி, சுற்றியிருக்கும் தகட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சூடு வைத்துச் சுருக்குவது என்பது கேட்கும்போது முரணாகத் தோன்றும். ஆறுகிற தகட்டின் உப்பல் கண்ணெதிரே தணிவதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் போய்விடும்.

மிச்சப் பள்ளத்தை ஆலையில் ஈயத்தால் நிரப்பினார்கள். எழுபது பங்கு காரீயமும் முப்பது பங்கு வெள்ளீயமும் சேர்ந்த கலவை. நம் வீட்டு ஈயச்சொம்பு வெள்ளீயம். 232 டிகிரியில் உருகும். உள்ளே ரசம் கொதிக்கும்வரை சூடு நூறைத் தாண்டாது. காலிச் சொம்பை அடுப்பில் மறந்தவர்களுக்கு ரசமும் இல்லை, சொம்பும் இல்லை. காரீயம் உருக 327 டிகிரி வேண்டும். இரண்டையும் கலந்தால் வேடிக்கை நடக்கிறது: 183 டிகிரியிலேயே கலவை இளகத் தொடங்கிவிடும், ஆனால் 250ஐத் தாண்டினால்தான் முழுத் தண்ணீராகும். இடைப்பட்ட எழுபது டிகிரியில் பாதி உருகிய கஞ்சிக்குள் உருகாத படிகங்கள் மிதக்கும் நிலை. கேசரி கிளறுகிறவர் உடனே அடையாளம் கண்டுகொள்ளும் பதம். கொழுப்பு தடவிய மரத்துடுப்பால் அதைச் செங்குத்தான விளிம்பில்கூட வழித்து நிறுத்தலாம். தளும்பாது, வழியாது. சூட்டைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் மொத்தமும் காலில் கொட்டும். ஆறிய பின் அரத்தால் ராவ வேண்டும். சாணை மெஷினைத் தொட்டால் காரீயத் தூள் காற்றில் ஏறி மூச்சோடு உள்ளே போகும்.

இப்போது ஈயத்துக்குப் பதில் எல்லோரும் பட்டிக் களிம்பு போடுகிறார்கள். தகட்டின் நடுவில் மெல்லிசாகப் போட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். கதவின் விளிம்பில் போடுவது ஏமாற்று. ஒவ்வொரு முறை மூடும்போதும் அதிர்கிற இடத்தில் அது சில்லு சில்லாகத் தெறிக்கும். டிலோரியன்காரர்களுக்கு இந்தச் சபலமே கிடையாது. 1981-82ல் வட அயர்லாந்தின் டன்மரியில் தயாரான அந்தக் காரின் வெளியுடம்பு பெயின்ட் பூசாத துருப்பிடிக்கா எஃகு. பெயின்ட் இல்லாத இடத்தில் பட்டியை எதற்கு அடியில் ஒளிப்பது?

பெயின்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய காரைப் புதுப்பிப்பவர்கள் பூசும் அடுக்குகள் ஒரு விளிம்புக்குக் கால் மில்லிமீட்டர் என்றால், எதிரெதிர் விளிம்புகள் இரண்டுக்கும் அரை மில்லிமீட்டர். வெறும் தகட்டில் நான்கு வைத்தவருக்குக் கடைசியில் கிடைப்பது மூன்றரைதான்.

நான்கு போதுமா, மூன்றாக்கலாமா என்ற போட்டி இப்போது நடக்கிறது. 1990களின் தொடக்கத்தில் லெக்ஸஸ் தன் விளம்பரத்தில் ஓர் எஃகு உருண்டையை இடுக்கின் மேல் உருட்டிக் காட்டியது. அதே காலத்தில் அமெரிக்காவில் கார் ஆலைகளும் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, உடம்பின் அளவு மாறுபாட்டை 2 மில்லிமீட்டருக்குள் அடக்க ஒரு தனித் திட்டமே நடத்த வேண்டியிருந்தது. அதற்கு முப்பது ஆண்டு முன்பு கையால் ராவிப் பொருத்திய காருக்கு இன்று மூன்று மில்லிமீட்டரில் மயிரிழை பிசகாத இடுக்கு வைத்துக் கண்காட்சிக்குக் கொண்டுவருகிறார்கள். உழைப்பு பெரிதுதான். ஆனால் அப்படி ஓர் ஈ-டைப் பிரவுன்ஸ் லேன் வாசலைத் தாண்டி வந்திருக்காது. விளிம்பில் ஒரு துளி தளர்ச்சி உள்ள காரைத்தான் என் கண் நம்புகிறது.

பொருத்தி முடித்ததும் எல்லாவற்றையும் கழற்றிப் பெயின்ட்டுக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு வாஷரையும் எந்தக் கீல், எந்தப் பக்கம் என்று எழுதி உறையில் போட்டு வைப்பார்கள். திரும்ப மாட்டும்போது எழுதி வைத்தது அப்படியே பொருந்தாது. அது தெரிந்தே எழுதுவார்கள். பிறகு காரைச் சாலையில் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, ரப்பர் படிந்து சட்டகம் உட்கார்ந்த பிறகு, கதவோரம் மறுபடி குந்தி அந்தப் பிளாஸ்டிக் சில்லை மேலிருந்து கீழே இழுப்பார்கள். பாதி வழியில் லேசாகப் பிடிக்கும். எழுந்துபோய் பானெட்டின் வலது கீலிலிருந்து அரை மில்லிமீட்டர் வாஷர் ஒன்றை உருவி எடுப்பார்கள்.